முன்வரிசையில் ஓர் அம்மா

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 11 வயது. 5 ஆண்டுகளாகப் பாட்டு கற்கிறான். இந்த மார்கழியில் சென்னையில் ஒரு சபாவில், பகல் 12 மணிக்கு அவனுடைய முதல் கச்சேரி நடந்தது. வார்த்தை மறந்தால் எடுத்துக்கொடுக்கலாம் என்று முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டான வர்ணம் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, கடைசிவரை நிற்கவில்லை. கணவர் கச்சேரி முழுவதையும் கைபேசியில் பதிவு செய்தார். அன்றிரவே மூவரும் அதைப் பார்த்துத் தவறுகளைக் குறித்துக்கொண்டோம். என் அழுகை அவனைப் பாதிக்குமா? நான் போகாமல் இருந்துவிடுவது நல்லதா? தொலைக்காட்சிப் போட்டிகளுக்கு அனுப்பலாமா என்பதையும் சொல்லுங்கள். மாசியில் எங்கள் ஊர்க் கோயிலில் பாடப்போகிறான்.

ஒரு தாய், கோவை

அன்புள்ள சகோதரி,

போட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய குருவைக் கேளுங்கள்.

நீங்கள் கேள்வியாக வைக்காத ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ‘வார்த்தை மறந்தால் எடுத்துக்கொடுக்கலாம் என்று.’ இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். பலனை அனுபவித்தவள் என் மகள்.

கும்பகோணத்தில் ஒரு கோயில் மண்டபம், நவராத்திரி. அவளுக்கு அப்போது 12 வயது. கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை, ஆதி தாளம். பாட்டைத் தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் அடியான சமத்திலிருந்து அரை இடம் தள்ளி. சரணத்தில் ஒரே வரியை மூன்றாம் முறையாகப் பாடினாள். நான்காம் முறையும் அதே வரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த வரி மறந்துவிட்டது என்று நினைத்து, முன்வரிசையில் இருந்தபடியே அதை வாயசைத்துக் காட்டினேன். கையால் தாளமும் போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் காட்டிய வரிக்குத் தாவினாள். தாளம் நழுவியது. கை தொடைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அவள் எதையும் மறந்திருக்கவில்லை. நிரவல் பாடத் தொடங்கியிருந்தாள். சொற்கள் தாளத்தில் விழும் இடம் மாறாமல், ஒரே வரியைப் புதிது புதிதாக விரித்துக்கொண்டு போவதுதானே நிரவல்? முந்தின வாரம்தான் குரு சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா மேடையில் கேட்கட்டும் என்று வீட்டில் பாடிக் காட்டாமல் வைத்திருந்தாளாம்.

மிருதங்கம் வாசித்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். அவர் நிறுத்தவில்லை. இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, மெல்ல வாசித்து, முடிப்பாகச் சின்னதாக ஒரு தீர்மானம் வைத்து, தலையசைத்து எடுப்பைக் காட்டினார். பிள்ளை பிடித்துக்கொண்டாள். கச்சேரி முடிந்து மிருதங்கத்தை உறையில் போட்டபடி, “பக்கத்தில் நான் இருக்கும்போது குழந்தை எதற்கு ஐயா உங்களைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வரியை அவள் மறுபடி நிரவலுக்கு எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின.

மேடையில் பாடுகிற பிள்ளையின் கண்ணுக்கு வேலை இருக்கிறது அம்மா. வயலின்காரர் தன் முறையை முடிக்கப்போகிறாரா என்று பார்க்க வேண்டும். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முழுக்க வாய்மூடித் தாளம் போட்டு, அதை நிறைவு செய்யும் கோர்வை முடிகிற இடத்தில் சரியாகப் பாட்டை எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தையும் விரலையும் பார்த்துப் பார்த்துத்தான் இதெல்லாம் பழகும். எதிரே அம்மாவின் முகம் இருந்தால் பிள்ளை வேறெங்கே பார்ப்பான்? நீங்கள் புருவத்தைச் சுருக்கினால் சுருதி விலகிவிட்டதோ என்று பயப்படுவான். முகம் மலர்ந்தால் அதே சங்கதியை, வரியைப் பாடிய அதே விதத்தை, இன்னொரு முறை பாடுவான். வார்த்தை மறந்தால் மறக்கட்டும். பல்லவிக்குத் திரும்பத் தெரியாதா அவனுக்கு? தெரியாவிட்டால் அன்றைக்குத் தெரிந்துகொள்வான். அந்த அரை நிமிடத்தை அவனிடமிருந்து பிடுங்க உங்களுக்கு உரிமையில்லை. எனக்கும் இருக்கவில்லை.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் அம்மா மகளோடேயே இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். மதுரை சேதுபதி பள்ளியில் அந்த அம்மா, சண்முகவடிவு, வீணை வாசித்துக்கொண்டிருந்தபோது, மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை யாரோ தூக்கிக் கையைத் துடைத்துக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அம்மா சொன்னதும் ஓரிரு பாட்டுப் பாடினார். மனமெல்லாம் விட்டுவந்த மண் விளையாட்டில்தான் இருந்தது என்று எம்.எஸ். பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1926இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டிலும் அம்மாவின் வீணைதான். சண்முகவடிவு எதிரே உட்கார்ந்து காவல் காக்கவில்லை. வீணையோடு பக்கத்தில் உட்கார்ந்தார், கூட வாசித்தார். உங்களுக்கும் எனக்கும் அந்த இடம் இல்லை. நாம் கேட்க வந்தவர்கள்.

அன்றிரவே தவறுகளைக் குறித்தீர்களே, அதற்கு உங்கள் இருவரையும் நேரில் நிறுத்தித் திட்ட வேண்டும். கோவையிலிருந்து வந்து, பயத்தில் காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டான். முதல் கச்சேரியைப் பாடி இறங்கியிருக்கிறான். அவனுக்கு அன்று ரசம் சாதமும் தூக்கமும் போதும். பதிவைக் குருவிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பிழையை எந்த மாதத்தில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் கணவர் அவ்வளவு நேரம் மகனைப் பார்த்தாரா, சின்னத் திரையைப் பார்த்தாரா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

அழுகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதில் என்ன இருக்கிறது? அந்தப் பகல் கச்சேரிகளுக்கு நானும் போகிறவன். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும் அரங்கில் ஒரு சிறுவன் சுருதியோடு சேர்ந்து முதல் ஸ்வரத்தைப் பிடிக்கும்போது, யார் பெற்ற பிள்ளையோ, எனக்கும் தொண்டை அடைக்கிறது.

மாசிக் கச்சேரிக்கு அவசியம் போங்கள். பின்னால், தூண் ஓரமாக உட்காருங்கள். என்னென்ன பாடப்போகிறான் என்பதை அவனும் குருவும் முடிவு செய்யட்டும், பட்டியலைக் கேட்காதீர்கள். பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையை அவன் தொடங்கும்போது, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத பாட்டியைப் போல நீங்களும் இந்த ராகம் பூர்விகல்யாணியா பந்துவராளியா என்று யோசித்துக்கொண்டிருங்கள்.