கொத்தல ஹிம்புட்டு கோப்பையும் பட்டிப்பூவும்: மூலிகை மருந்து ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

செடிகளிலிருந்து புதிய மருந்துகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. பட்டையையும் வேரையும் ஊறவைத்து, கரைத்து, பிரித்து, உள்ளே என்ன சேர்வை இருக்கிறது என்று பார்க்கும் இரசாயனவியலாளர். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் 26 வருடம் அதுதான் என் வேலை. எந்தக் குளிசையை நிறுத்தலாம், எதைக் கூட்டலாம் என்பதை மட்டும் உங்கள் கிளினிக் டொக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): அக்கா, அப்பாவுக்குப் பதினான்கு வருடமாக நீரிழிவு. இன்சுலினும் போடுகிறார். மாமா கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் செய்த ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறார். இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

பதில்: தங்கச்சி, காலையில் அந்தத் தண்ணீர் செம்பழுப்பாக மாறியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் "மருந்து இறங்கிவிட்டது" என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் முக்கியமாக வேலை செய்யும் சேர்வைக்கு நிறமே கிடையாது.

1997இல் ஜப்பானில் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் கொடியிலிருந்து சலசினோல் என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடம் இன்னொன்று கிடைத்தது. அதற்குக் கொத்தலனோல் என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ச் செடியின் சிங்களப் பெயர் அப்படியே ஒரு மூலக்கூறின் பெயராகி உலகம் முழுக்கப் போயிற்று. இரண்டிலும் கந்தகம் சேர்ந்த, சீனி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. இப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

நாம் சோறு சாப்பிட்டால் அதிலுள்ள மாப்பொருளைக் குளுக்கோசாக உடைக்கும் கடைசி வேலையைக் குடலில் ஒரு நொதியம் செய்கிறது. இந்தச் சேர்வைகள் போய் அந்த நொதியத்தில் உட்கார்ந்து கொள்கின்றன. உடைப்பு மெதுவாகிறது, சாப்பிட்ட பிறகு சீனி சட்டென்று ஏறாது. அகார்போஸ் என்று டொக்டர்மார் எழுதும் குளிசையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

மனிதர்களில் சோதித்தார்களா? சோதித்தார்கள். இலங்கையில் 51 நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று மாதம் இந்த மூலிகை கலந்த தேநீரும், மூன்று மாதம் அது இல்லாத தேநீரும் கொடுத்தார்கள். எது எதுவென்று குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. மூலிகைத் தேநீர் குடித்த மாதங்களில், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சற்றுக் குறைந்திருந்தது. 2005இல் இந்த முடிவு வெளியானது. குறைந்தது சிறிய அளவுதான், ஆனால் ஒழுங்கான முறையில் பார்த்தது. எனக்கு அந்த ஆய்வில் மதிப்பு அதிகம்.

ஆனால் ஆய்வில் கொடுத்தது அளந்து செய்த தேநீர். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு மரக் கோப்பை. முதல் வாரம் அதிலிருந்து இறங்கும் அளவும் ஆறு மாதம் கழித்து இறங்கும் அளவும் ஒன்றாக இருக்குமா? வாய்ப்பே இல்லை. மேலே இன்சுலினும் போகும்போது சீனி திடீரென்று இறங்கிவிடலாம். இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்: இந்த வகை மருந்து எடுப்பவருக்குச் சீனி இறங்கினால், வீட்டுச் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் அதை உடைக்கும் நொதியமும் தடைப்பட்டிருக்கும். பார்மசியில் விற்கும் குளுக்கோஸ் தூள் ஒரு பக்கெட் வீட்டில் இருக்கட்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கோப்பையைப் பற்றி அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். மறைத்துக் குடிப்பதுதான் ஆபத்து.

கேள்வி (கொட்டாஞ்சேனை): என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை நடக்கிறது. பட்டிப்பூவிலிருந்துதான் புற்றுநோய் மருந்தே செய்கிறார்கள், இலையை அவித்துக் கொடு என்று உறவுக்காரர்கள் வற்புறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. உறவுக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

பட்டிப்பூ, அதுதான் நித்தியகல்யாணி, பல நாடுகளில் நீரிழிவுக்கு நாட்டு மருந்து. 1952இல் ஜமெய்க்காவிலிருந்து இதன் இலைகள் கனடாவில் இருந்த ரொபேர்ட் நோபிள் என்ற ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்தன. எலிகளுக்குச் சீனி குறையவில்லை. ஆனால் சாறு ஏற்றிய எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று தேடிப் பார்த்தபோது அவற்றின் இரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெண்குழியங்கள் அடியோடு குறைந்திருந்தன. வேறு யாராவது என்றால் அந்தச் சாற்றைக் கொட்டியிருப்பார்கள். அவர்கள், வெண்குழியத்தைக் குறைப்பது வெண்குழியம் பெருகும் நோய்க்கு உதவாதா என்று கேட்டார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் கிடைத்தது, பின்னால் வின்கிரிஸ்டின். இன்று இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஊசியில் ஏறும் மருந்துகளில் வின்கிரிஸ்டினும் ஒன்று.

இப்போது அளவைப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்ட விடுவதில்லை. நுனி விரலில் ஒட்டும் உப்பைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் நரம்பு பாதிக்கும். உங்கள் முற்றத்து இலையிலோ அல்கலோயிட்கள் என்ற, உடலில் வலுவாக வேலை செய்யும் சேர்வைகள் நூற்றுக்கு மேல் கலந்து கிடக்கின்றன. ஒரு கிராம் மருந்தைப் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கைப்பிடி இலையை அவித்தால் அக்காவுக்குத் தேவையான மருந்து கிடைக்காது. தேவையில்லாதவை எல்லாம் கிடைக்கும், அதுவும் சிகிச்சையால் ஏற்கெனவே வெண்குழியம் குறைந்திருக்கும் நேரத்தில்.

இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வருவது வழக்கம். 2019இல் அமெரிக்காவிலேயே பிள்ளைகளுக்கு வின்கிரிஸ்டின் போதவில்லை. அதனால் 2022இல் ஓர் ஆய்வுக்குழு ஈஸ்ட்டின் மரபணுக்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களைச் செய்து, வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் ஈஸ்ட்டையே உண்டாக்க வைத்தது. இரண்டு பாதிகளையும் ஆய்வுகூடத்தில் இணைத்துக் கொள்ளலாம். பாண் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட். இன்றைய மூலிகை ஆய்வில் என்னை மிகவும் சந்தோஷப்படுத்தும் திசை இது. செடியை அழிக்காமல் செடியின் அறிவை மட்டும் கடன் வாங்குகிறார்கள்.

அக்கா விரைவில் தேறி வர வேண்டுகிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி, உயர்தர உயிரியல் மாணவர்): மிஸ், இனிமேல் செயற்கை நுண்ணறிவே மருந்து கண்டுபிடித்துவிடும், செடி, மண் எல்லாம் எதற்கு என்று ரியூசன் சேர் சொன்னார். சரியா?

பதில்: பாதி சரி தம்பி. 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு கணினி மாதிரிக்கு ஏறத்தாழ 2,300 மூலக்கூறுகளைக் காட்டி, எவை பற்றீரியாவைத் தடுக்கின்றன என்று பழக்கினார்கள். பிறகு அது பார்த்திராத ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளுக்குள் தேடவிட்டார்கள். முன்பு நீரிழிவுக்கென்று ஆராய்ந்து கைவிட்ட ஒன்றை அது தேர்ந்தெடுத்தது. ஹாலிசின் என்று பெயர். எலிகளில் நன்றாக வேலை செய்தது. 2024இன் இரசாயனவியல் நோபல் பரிசும் புரத வடிவமைப்புக்கும், புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்த அல்ஃபாஃபோல்ட் வேலைக்கும்தான் கிடைத்தது.

அப்புறம் 2025இல் நடந்ததையும் சேருக்குச் சொல்லுங்கள். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் ஒரு வீட்டுத் தோட்டத்து மண்ணை எடுத்து, அதிலிருந்த பற்றீரியாக்களை ஏறத்தாழ ஒரு வருடம் பொறுமையாக வளரவிட்டார்கள். அவசரமாக வளர்பவை மட்டும் கண்ணில் படாமல், மெதுவாக வளர்பவையும் தலைகாட்டட்டும் என்று. அப்படிக் கிடைத்த ஒன்றிலிருந்து லாரியோசிடின் என்ற புதிய நுண்ணுயிர்க்கொல்லி வந்தது. முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி ஒரு மூலக்கூறு. மனிதர்களுக்குக் கொடுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. கணினி தேடித்தரும், ஆனால் இப்படியொரு முடிச்சைக் கோடிக்கணக்கான வருடமாகப் போட்டுப் பழகியது மண்தான். இரண்டும் தெரிந்தவராக வாருங்கள்.

கேள்வி (தெஹிவளை): மஞ்சளில் உள்ள குர்குமின் குளிசை நல்லதா? மிளகுச் சாறும் சேர்ந்தது என்று போட்டிருக்கிறார்கள்.

பதில்: கறிக்குப் போடும் மஞ்சளைப் பயமில்லாமல் போடுங்கள். குர்குமின் வேறு கதை. ஆய்வுகூடத்தில் எதைச் சோதித்தாலும் "வேலை செய்கிறது" என்று காட்டும் சேர்வை அது. காரணம், அது தன் நிறத்தாலும் ஒட்டும் குணத்தாலும் சோதனையையே குழப்பிவிடும். 2017இல் மருந்து இரசாயனவியலாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட மனித ஆய்வுகளை எடைபோட்டு, இதுவரை உறுதியான பலன் காணவில்லை என்று எழுதினார்கள். குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதே அரிது. அதற்காகத்தான் மிளகிலுள்ள பிப்பெரினைச் சேர்க்கிறார்கள். அப்படி உறிஞ்சலைக் கூட்டிய குளிசைகளால் ஈரல் பாதித்தவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (மருதானை): புறக்கோட்டையில் வாங்கும் மரமஞ்சள் உண்மையானதா என்று எப்படித் தெரிந்து கொள்வது?

பதில்: கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒருமுறை மூன்று கடைகளில் வெனிவெல் (மரமஞ்சளின் சிங்களப் பெயர்) துண்டுகள் வாங்கி வந்தேன். மூன்றும் மஞ்சள், மூன்றும் கசப்பு. சாறெடுத்து, சிலிக்கா பூசிய சிறு தகட்டில் ஒவ்வொரு பொட்டு வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழே வைத்தேன். மரமஞ்சளிலுள்ள பேர்பெரின் அந்த வெளிச்சத்தில் மின்மினி மாதிரி மஞ்சளாக ஒளிரும். இரண்டு கோடுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. மூன்றாவது இருட்டாகவே கிடந்தது. அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். காய்ச்சலுக்கென்று அதை அவித்துக் குடித்தவர் எதைக் குடித்தார்?

விற்பவரைத் திட்டி மட்டும் பயனில்லை. இந்தக் கொடி காட்டில் மெதுவாக வளர்வது, வெட்டத் தடையுள்ளது. காட்டில் குறையக் குறையக் கலப்படம் கூடும். தோட்டத்தில் வளர்க்கும் முறைகளை ஆராய்வதும் மருந்து ஆய்வுதான். பேர்பெரின் குளிசை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் அளவை அது இரத்தத்தில் கூட்டிவிடும்.

கேள்வி (வத்தளை): காமரங்காய்ச் சாறு சீனிக்கு நல்லதாமே?

பதில்: வேண்டாம். காமரங்காயிலும் பிலிங் காயிலும் சிறுநீரகத்தில் படியும் ஒட்சலேற்று என்ற சேர்வை மிக அதிகம். வெறும் வயிற்றில் சாறாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். நீரிழிவால் ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு இன்னும் மோசம். கறியில் இரண்டு துண்டு போடுவது வேறு, ஒரு கிளாஸ் சாறு வேறு.

கேள்வி (தெமட்டகொட): கார்த்திகைப் பூவின் கிழங்கு நஞ்சு என்கிறார்கள், மருந்து என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி, ஒரே சேர்வைதான். கொல்சிசின். கிழங்கைத் தவறுதலாகச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அதே கொல்சிசின் கவுட் மூட்டு வலிக்குப் பழைய மருந்து. 2023 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் 0.5 மில்லிகிராம் குளிசையை இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க அனுமதித்தது. இதயக் குழாயில் அழற்சியைத் தணிக்கிறது. அரை மில்லிகிராமுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. வீட்டில் யாரும் அந்தக் கிழங்கைத் தொட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): இவ்வளவு மூலிகை இருந்தும் இலங்கையிலிருந்து ஏன் ஒரு மருந்து உலகச் சந்தைக்குப் போகவில்லை?

பதில்: ஒரு சேர்வையிலிருந்து குளிசை வர பத்துப் பதினைந்து வருடமாகும். மனிதர்களில் சோதனை தொடங்கியவற்றிலேயே பத்தில் ஒன்றுதான் தேறும். மற்ற ஒன்பதுக்கும் செலவழித்த பணத்தைத் தாங்க ஆள் வேண்டும். சலசினோலைக் கண்டெடுத்த கருவிகள் அப்போது ஜப்பானில் இருந்தன, செடி இங்கே இருந்தது. என் தலைமுறைக்கு அது ஆறாத வருத்தம். இந்தியா மஞ்சளுக்காகப் போராடியதைப் பாருங்கள். காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995இல் அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமையை, பழைய நூல்களைக் காட்டி 1997இல் நீக்க வைத்தார்கள். எழுதி வைத்திருந்ததால்தான் முடிந்தது.

கேள்வி (வெள்ளவத்தை): எங்கள் பூட்டனார் யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியர். அவருடைய கையெழுத்துக் கொப்பி ஒன்று அலுமாரியில் இருக்கிறது. இந்தக் காலத்தில் அதற்குப் பயன் உண்டா?

பதில்: அண்ணை, உங்கள் கேள்வியைக் கடைசிக்கு வேண்டுமென்றே வைத்தேன்.

சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ, பழைய நூல்களில் சொன்ன மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒரு மாசிபத்திரி வகை சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை. ஏறத்தாழ 1,600 வருடத்துக்கு முந்திய கோ ஹோங் என்பவரின் குறிப்பை அவர் மறுபடி வாசித்தார். ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி என்றிருந்தது. அவிக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் சாறெடுத்தார். 1971 ஒக்டோபரில் 191ஆம் மாதிரி, எலிகளிலிருந்த மலேரியாக் கிருமியை முழுவதும் அழித்தது. அந்தச் சாற்றிலிருந்து அடுத்த வருடம் பிரித்தெடுத்த சேர்வைதான் ஆர்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு.

ஆகவே பூட்டனார் "குடிநீர்" (அவித்த கஷாயம்) என்று எழுதினாரா, "சாறு" என்று எழுதினாரா என்பது பெரிய விஷயம். பச்சையா, காய்ந்ததா, வேரா, பட்டையா, எந்த மாதத்தில் எடுத்தது, எல்லாம் முக்கியம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பூச்சி மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். பிறகு ஊரில் வயதானவர்களிடம் செடிப் பெயர்களைக் கேட்டு, பூவும் இலையும் உள்ள ஒரு கிளையைப் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவிடுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பில் காட்டினால் சரியான தாவரப் பெயரைச் சொல்வார்கள். கிளையோடு, வெட்டிய இடத்தையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கட்டி விடுங்கள்.