உவர்நீர் வாசலுக்கு ஒரு பூமரம்

கேள்வி: மண்டபத்தில் கடலுக்கு அருகே குடியிருக்கிறோம். வாசலில் 10 அடிக்கு 12 அடி மணல் தரை இருக்கிறது. கிணற்று நீர் சற்று உவர்ப்பு. நாற்றுப் பண்ணையில் ‘குட்டை குல்மொகர்’ என்று ஒரு கன்றைக் காட்டினார்கள். அதை வைக்கலாமா? வேர் சுவரைப் பெயர்த்துவிடும் என்று என் மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, மண்டபம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மயில்கொன்றை. அது குல்மொகரின் குட்டை ரகம் அன்று, தனி இனம். பொதுவாகப் பத்து அடியையொட்டி நின்றுவிடும் செடி என்பதால் சுவருக்கு ஆபத்தில்லை. அசல் குல்மொகரைக் கொடுத்துவிட்டால் மாமியார் சொல்வதே நடக்கும். ஆகவே வாங்குமுன் தண்டைத் தடவிப் பாருங்கள். மயில்கொன்றையில் பெரும்பாலும் சிறு முட்கள் தட்டுப்படும், குல்மொகரில் இரா. பையில் இருக்கும்போது எல்லாக் கன்றும் குட்டைதான்!

ஆயினும் உங்கள் வாசலுக்கு மயில்கொன்றையை நான் இரண்டாவதாகவே சொல்வேன். கச்சான் காற்றும் வாடையும் மாறி மாறி உப்புத் துளியை வாரியிறைக்கும் இடத்தில் அதன் மெல்லிய சிற்றிலைகள் நுனி கருகும். வீட்டுச் சுவரின் மறைவு கிடைத்தால் மட்டும் வையுங்கள். திறந்த வாசலுக்கு ஈழத்தலரியின் உறவான புளூமேரியா பூடிகா பொருத்தமானது. எட்டு, பத்து அடிக்குள் அடங்கும். தடித்த இலையின் நுனி, படமெடுத்த பாம்பின் தலைபோல் விரிந்திருக்கும். தொண்டையில் மஞ்சள் படிந்த வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். மணம் அநேகமாக இராது என்பதுதான் குறை. ஒடித்த இடத்தில் வடியும் பால் தோலில் எரிச்சல் தரும். குழந்தைகள் இருந்தால் கவனம் தேவை.

மணலுக்கு அது அஞ்சாது, தேங்கும் நீருக்கே அஞ்சும். ஐப்பசி மழை தொடங்கி மண்ணின் உப்பு சற்றுக் கழுவப்பட்டபின், சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி, தரையைவிட அரை அடி மேடாக்கி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து, வேர்பிடித்த பைக்கன்றாகவே நடுங்கள். வேரில்லாத வெறும் போத்தை, அதாவது வெட்டிய கிளைத்துண்டை, அடைமழையில் ஊன்றினால் அழுகும். அதை மாசி, பங்குனியில், வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய்ந்தபின் ஊன்றலாம்.

உவர்நீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி மேல்மண்ணில் உப்புப் பூத்துவிடும். ஆதலால், கன்று வேரூன்றியபின் வாரம் ஒருமுறை, உப்பு வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். இலைமேல் கிணற்று நீர் படவேண்டாம். முதல் கோடையில் காற்று வரும் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று கட்டிவிடுங்கள். தண்டு தடித்ததும் அதை எடுத்துவிடலாம்.