4 ஜிபி ராம் மடிக்கணினியில் நிரல் எழுத எடை குறைந்த ஓப்பன் சோர்ஸ் டெக்ஸ்ட் எடிட்டர் எது?

கேள்வியில் நீங்கள் சொன்னவை: 4 ஜிபி ராம், லினக்ஸ், இப்போதுதான் பைத்தானும் சி-யும் படிக்கிறீர்கள், எடிட்டர் லேசாகவும் ஓப்பன் சோர்ஸாகவும் இருக்க வேண்டும். இதற்கு ஒரே பெயரில் பதில் சொல்லிவிடலாம்: ஜீனி. அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு அதை நிறுவிக்கொள்ளுங்கள். ஏன் அது, எப்போது அது போதாது என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள்.

முதலில் இந்த 'எடை' விஷயம். எல்லாரும் எடிட்டரை மட்டும் நிறுத்துப் பார்க்கிறார்கள். இன்றைக்கு எடையில் பெரும்பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் ஆட்டோ கம்ப்ளீட்டை (தட்டும்போதே மீதிப் பெயரை எடுத்துக்கொடுக்கும் வசதியை) தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் எல்எஸ்பி (லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால்) என்ற நெறிமுறையைப் பொதுவில் வைத்தது. அதிலிருந்து, மொழியைப் புரிந்துகொள்ளும் வேலை 'லாங்குவேஜ் சர்வர்' என்ற தனி நிரலுக்குப் போய்விட்டது. எடிட்டர் அதனிடம் கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். சி-க்கு கிளாங்டி, ரஸ்டுக்கு ரஸ்ட் அனலைசர், இப்படி மொழிக்கு ஒன்று.

இந்த சர்வர்கள் உங்கள் ப்ராஜெக்டையும் அது இழுத்துவரும் நூலகங்களையும் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ரஸ்ட் அனலைசர் பெரிய ப்ராஜெக்டில் 1 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். அதை மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட் எடிட்டரிலிருந்து கூப்பிட்டாலும் சரி, டெர்மினலில் ஓடும் லேசான நியோவிமிலிருந்து கூப்பிட்டாலும் சரி, சர்வர் அதேதான், அதன் பசியும் அதேதான். 'நியோவிமுக்கு மாறியும் கணினி திணறுகிறது' என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின்னால் என்ன சர்வர் ஓடுகிறது என்றுதான்.

எடிட்டரின் சொந்த எடையும் பொய்யில்லை. விஎஸ் கோட் எலக்ட்ரான் மேல் கட்டப்பட்டது. எலக்ட்ரான் என்றால் குரோமியம் உலாவியும் நோட் ஜேஎஸ்ஸும் சேர்ந்த கட்டு. எடிட்டரைத் திறந்தால் இன்னொரு உலாவியைத் திறந்த கணக்கு. 16 ஜிபி இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. உங்களிடம் 4 ஜிபி. பாடம் படிக்க ஃபயர்ஃபாக்ஸில் நாலைந்து டேப் திறந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் இதையும் ஓட்டினால் ராம் நிரம்பி, கணினி ஸ்வாப்புக்கு (ராமுக்குப் பதிலாக டிஸ்கைப் பயன்படுத்தும் நிலைக்கு) போய் மவுஸ் கூட நின்று நின்று நகரும்.

ஜீனி இந்த இரண்டு சுமையிலிருந்தும் தப்பிக்கிறது. 2005-இல் வந்தது, இன்னும் பராமரிப்பில் இருக்கிறது, 2.0 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. ஜன்னல், பொத்தான்களை வரையும் ஜிடிகே என்ற நூலகத்தின் மேல் ஓடுகிறது. உரையைக் காட்டித் திருத்தும் உள்பகுதி சின்டில்லா. விண்டோஸ்காரர்களுக்குப் பழக்கமான நோட்பேட் பிளஸ் பிளஸ் உள்ளே இருப்பதும் இதே சின்டில்லாதான். ஆட்டோ கம்ப்ளீட்டுக்கு ஜீனி சிடேக்ஸ் முறையை நம்புகிறது: திறந்திருக்கும் கோப்புகளிலிருந்து ஃபங்ஷன், வேரியபிள் பெயர்களைப் பொறுக்கிப் பட்டியல் வைத்துக்கொள்ளும். ஒரு வேரியபிளின் டைப் என்ன, அந்த ஃபங்ஷனுக்கு நீங்கள் கொடுப்பது பொருந்துமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியாததால்தான் லேசாக இருக்கிறது.

படிக்கிறவருக்கு இந்தக் குறை ஒரு விதத்தில் நல்லதே என்பது என் கட்சி. பிழையைக் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) சொல்லி, அந்தச் செய்தியைப் படித்து, வரி எண்ணைப் பார்த்துத் திருத்துகிற பழக்கம் ஆரம்பத்திலேயே வர வேண்டும். ஜீனியில் சி கோப்பைத் திறந்து எஃப்8 அழுத்தினால் கம்பைல், எஃப்9 அழுத்தினால் பில்ட், எஃப்5 அழுத்தினால் ஓடும். பிழைகள் கீழே பட்டியலாக வரும். ஒன்றைச் சொடுக்கினால் அந்த வரிக்கே கூட்டிப்போகும். முதல் ஆறு மாதத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓப்பன் சோர்ஸ் என்று அழுத்திக் கேட்டிருப்பதால் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறேன். சப்லைம் டெக்ஸ்ட் வேகமானது, அழகானது, ஆனால் ஓப்பன் சோர்ஸ் இல்லை. காசு கொடுக்காமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்க விடுவதால் பலர் அது இலவசம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

விஎஸ் கோட் கொஞ்சம் சிக்கலான கதை. அதன் மூல நிரல் எம்ஐடி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்குகிற நிறுவல் கோப்புக்குத் தனி உரிமம், அதில் டெலிமெட்ரியும் (பயன்பாட்டுத் தகவலை நிறுவனத்துக்கு அனுப்பும் வசதியும்) உண்டு. அந்த மூல நிரலை மட்டும் எடுத்து டெலிமெட்ரியை அணைத்துக் கட்டிக் கொடுப்பதுதான் விஎஸ்கோடியம். அதில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிகளுக்கான துணை நிரல்) கடை கிடையாது, ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற வேறு கடைதான். பைத்தானுக்கான பைலான்ஸ் மாதிரி சில எக்ஸ்டென்ஷன்கள் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்புகளோடு மட்டுமே பயன்படுத்த உரிமம் பெற்றவை. எடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. அதனால் உங்கள் கேள்விக்கு விஎஸ்கோடியமும் பாதிப் பதில்தான்.

ஓப்பன் சோர்ஸாக இருந்துவிட்டால் மட்டும் ஆயுள் கெட்டி என்றும் சொல்ல முடியாது. அடோபி, தன் பிராக்கெட்ஸ் எடிட்டரை 2021-இல் கைவிட்டது. கிட்ஹப், தன் ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் மூடியது. இரண்டுமே ஒரு காலத்தில் எல்லாரும் பரிந்துரைத்தவை. ஆட்டமின் மூல நிரல் திறந்திருந்ததால் அதிலிருந்து பல்சர் என்று ஒன்று கிளைத்துத் தொடர்கிறது. எலக்ட்ரானை முதலில் ஆட்டமுக்காகவே எழுதினார்கள் என்பது வேறு விஷயம். குழந்தை போய்விட்டது, தொட்டில் மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே நிறுவனத்தின் தயவில் இருக்கிற எடிட்டரை விட, பல வருடமாகப் பலர் சேர்ந்து இழுத்துக்கொண்டு வருகிற ஒன்றின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அந்த வகையில் கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்தின் 'கேட்' எடிட்டரையும் சொல்ல வேண்டும். ஜீனியை விடக் கொஞ்சம் கனம், ஆனால் எலக்ட்ரான் பக்கம் கூட வராது. எல்எஸ்பி ஆதரவு கூடவே வருகிறது, தேவையில்லை என்றால் அந்த பிளகினை அணைத்து வைக்கலாம். நீங்கள் ஏற்கெனவே கேடிஇ டெஸ்க்டாப் வைத்திருந்தால் நான் ஜீனியை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லியிருப்பேன். வேறு டெஸ்க்டாப் என்றால் இதை நிறுவும்போது கேடிஇ நூலகங்கள் ஒரு கூட்டமாகக் கூடவே இறங்கும். டிஸ்கில் இடம் இருந்தால் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

சரி, டெர்மினலுக்குள் விசைப்பலகையாலேயே ஓட்டும் விம் எடிட்டர்? இதைச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் அடிக்க வருவார்கள். நானே தினமும் விம் பயன்படுத்துகிறவன்தான். எஸ்எஸ்ஹெச் (பிணையம் வழியே இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் நுழைந்து கோப்பைத் திருத்த அதற்கு இணை எனக்குத் தெரியவில்லை. பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டது, இன்றும் சில மெகாபைட் நினைவகத்தில் ஓடும். ஆனால் புதிதாக ஒரு மொழியும் புதிதாக ஒரு எடிட்டரும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். லூப் ஏன் நிற்கவில்லை என்று யோசிக்கும்போதே விமில் எழுத்து தட்டுவதற்கான இன்சர்ட் மோடில் இருக்கிறோமா என்றும் யோசிக்க வேண்டிவரும். விமோடு வரும் விம்டியூட்டர் பாடத்துக்கு அரைமணி நேரம் போதும். பைத்தான் கொஞ்சம் கை வந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் உட்காருங்கள். அதுவரை டெர்மினலில் திருத்த வேண்டிவந்தால் மைக்ரோ என்ற சின்ன எடிட்டர் இருக்கிறது. ஒரே ஒரு கோப்பு, நிறுவல் தொல்லை இல்லை, கன்ட்ரோல் எஸ் சேமிக்கும், கன்ட்ரோல் சி நகலெடுக்கும். நானோவும் போதும், அதன் விசைகள்தான் வேறு மாதிரி, ஆனால் திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்.

இன்னொரு பழைய எடிட்டரான ஈமேக்ஸ் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை விரும்புகிறவர்கள் யாரையும் கேட்டுவிட்டு அங்கே போவதில்லை.

நிரலுக்குள் தமிழில் கமென்ட் எழுதும் பழக்கம் இருந்தால் இன்னொன்று. டெர்மினல் எடிட்டர்களில் தமிழ் சரியாக வருவது எடிட்டர் கையில் இல்லை, டெர்மினலின் கையில் இருக்கிறது. பல டெர்மினல்கள் எழுத்தைக் கட்டம் கட்டமாக வைப்பதால் 'கொ', 'கெ' போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், கர்சர் ஒரு இடத்திலும் எழுத்து இன்னொரு இடத்திலும் இருக்கும். ஜீனி, கேட் போன்ற ஜன்னல் எடிட்டர்களில் இந்தத் தொந்தரவு மிகக் குறைவு.

ஜீனியை நிறுவியதும் இரண்டு இடத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். ஒன்று, பில்ட் மெனுவில் கட்டளைகளை அமைக்கும் ஜன்னல். அங்கே பைத்தானை ஓட்டும் கட்டளை வெறும் 'பைத்தான்' என்று இருந்து, உங்கள் கணினியில் 'பைத்தான்3' என்ற பெயரில் மட்டுமே அது இருந்தால் எஃப்5 வேலை செய்யாது. நீங்கள் உங்கள் நிரலில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பெயரோடு 3 சேர்த்தால் தீர்ந்தது. இரண்டு, இன்டென்டேஷன் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) அமைப்பு. பைத்தானுக்கு நான்கு ஸ்பேஸ் என்று வையுங்கள். டேபையும் ஸ்பேஸையும் கலந்தால் பைத்தான் 3 பிழை கொடுத்து நின்றுவிடும், பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அப்புறம் சி-க்கு மேக்ஃபைல் (பில்ட் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) எழுத ஆரம்பிக்கும்போது அங்கே நேர்மாறு, கட்டளை வரிகள் டேபில்தான் தொடங்க வேண்டும். டேபா ஸ்பேஸா என்று கோப்பைப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கும் வசதி ஜீனியில் இருக்கிறது, அதை டிக் செய்துவிடுங்கள். வியூ மெனுவில் வெற்றிடங்களைப் புள்ளியாகவும் அம்பாகவும் காட்டச் சொன்னால் சந்தேகம் வரும்போது கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.