மூன்று வயதுக் குழந்தையை மதிய நேரத்தில் போன் இல்லாமல் எப்படி விளையாட வைப்பது?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பாப்பாவுக்கு மூன்றேகால் வயது, காலையில் அங்கன்வாடிக்குப் போய் மதியம் வந்துவிடுகிறாள், அதற்கப்புறம் பொழுது சாயும்வரை போன் போன் என்று அழுகிறாள், பொம்மை வாங்கிக் கட்டுப்படியாகாது, வீட்டில் இருப்பதை வைத்தே என்ன விளையாட்டுக் காட்டலாம் என்று. நான் வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரை ஊர். பெரியவன் ஒன்றாம் வகுப்பு, சின்னவளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. நீங்கள் சொல்கிற அந்த மதிய நேரம் எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு வருடம் அதே அழுகையோடு இருந்திருக்கிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு என்று தனியாக ஒன்றைத் தேடி அலையாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்களோ அதில் கொஞ்சம் பிரித்து அவள் கையில் கொடுங்கள். நிஜ வேலை, நிஜப் பாத்திரம். இந்த வயதுப் பிள்ளைக்கு நாம் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்பதைவிடப் பெரிய ஆசை கிடையாது.

போன வருடம் ஆன்லைனில் 1200 ரூபாய் கொடுத்து மூளை வளர்ச்சிப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். வண்ண வளையம், நூல் கோர்க்கும் அட்டை, காந்த எழுத்து எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதே வாரம் ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், சின்னவள் வந்து பக்கத்தில் குந்தினாள், ஒரு தாம்பாளத்தை வைத்து நான்கு காம்பை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். நான் ஒரே இழுப்பில் உருவுவேன், அவளுக்கு அது வரவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளி, தாம்பாளத்தில் வைத்து, காற்றில் போய்விடாமல் உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கி, அப்புறம்தான் அடுத்த இலை. முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ராத்திரி அவள் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் "அப்பா, இது நான் உருவுன கீரை" என்று தட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அன்றைக்கு அவள் ஒரு தடவைகூட போன் கேட்கவில்லை என்பது எனக்குப் படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் கிள்ளல்தான் பின்னால் பென்சில் பிடிக்கிற பிடி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பெரியவனுக்கு மூன்றரை வயதிலேயே ஒரு நர்சரிப் பள்ளியில் நான்கு கோடு நோட்டைக் கொடுத்து பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள், விரல் வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் அழுதான். மணிக்கட்டு எலும்புகள்கூட முழுதாக உருவாகாத வயது அது. கீரை கிள்ளட்டும், பட்டாணி உரிக்கட்டும், ஊறவைத்த பூண்டுக்குத் தோல் எடுக்கட்டும், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை பிசையட்டும், காய்ந்த கைக்குட்டையை உதறி மடிக்கட்டும், வாசலில் தாறுமாறாகக் கிடக்கிற செருப்பை ஜோடி சேர்க்கட்டும். விரலுக்குப் பலம் வந்துவிட்டால் எழுத்து தானே வரும்.

எங்கள் அத்தை, அதாவது பிள்ளைகளுக்கு அப்பாயி, இதையெல்லாம் யாரிடமும் படிக்காமலே செய்வார். ஆழாக்கில் அரிசியை அள்ளிப் படியில் போடு, படி நிறைந்ததும் திரும்ப ஆழாக்கில் அள்ளு, சிந்தினதைப் பொறுக்கு, அவ்வளவுதான். அப்புறம்தான் படித்தேன், 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கொடுப்பது இதுதானாம். அள்ளுவது, ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது. பல்லாங்குழி இருந்தால் அதையும் எடுங்கள். ஆட்டத்தின் விதிமுறை எதுவும் வேண்டாம், 14 குழியிலும் குழிக்கு ஒரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஒன்று இரண்டு என்று வாயால் ஒப்பிக்கிற பிள்ளைக்கும், ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று கையால் போடும்போதுதான் எண்ணிக்கை என்றால் என்னவென்று பிடிபடும்.

ஆனால் கொட்டை, பயறு எதுவாக இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பெரியவன் இரண்டரை வயதில் ஒரு பச்சைப்பயறை மூக்கில் தள்ளிவிட்டான், எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி ஒழுகிக்கொண்டே இருந்தது, நாற்றம் வேறு. மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்து எடுத்தபோது பயறு ஊறிப் பருத்திருந்தது. அப்படி ஏதாவது ஆனால் நீங்களாகக் குச்சியோ விரலோ விட்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மூன்று வயது ஆகாத தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் கொட்டை விளையாட்டே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் விளையாட்டுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஒரு அகலப் பேசினில் நான்கு விரல் தண்ணீர், ஒரு சொம்பு, ஒரு டீ வடிகட்டி, ஒரு புனல், கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் ஓடும். எது மிதக்கும், எது முங்கும் என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேப்பம்பழம், கல், கொட்டாங்குச்சி, கரண்டி. கொட்டாங்குச்சி மிதக்கும், அதிலேயே தண்ணீரை அள்ளி ஊற்றினால் முங்கும், அதை எங்கள் வீட்டில் இருபது தடவை செய்தாள். ஆனால் வாளி, தொட்டி பக்கம் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், ஒரு ஜாண் தண்ணீர் போதும் விபரீதத்துக்கு. ஆட்டம் முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள். வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள், அது கல்லணை வழியாக நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்துவிட்டால் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை, அத்தை திறந்து வைத்துவிட்டுப் போனால் அவரிடமும் சொல்லிவிடுவேன்.

நம் ஊரில் இருந்துகொண்டு களிமண்ணை விட்டுவிட்டால் அது பாவம். கடையில் விற்கிற கலர் மாவு இரண்டு நாளில் காய்ந்து உதிரும், வாய்க்கால் கரை வண்டல் அப்படிக் கிடையாது, காய்ந்தாலும் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் திரும்ப வந்துவிடும். கண்ணாடிச் சில்லு, நத்தை ஓடு இல்லாமல் பொறுக்கிவிட்டு ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். உருட்டுவது, தட்டுவது, விரலால் குழி போடுவது, இதுவே ஒரு வாரத்துக்குப் போதும்.

அதோடு ஒரு தலையாட்டி பொம்மை செய்து கொடுங்கள். தஞ்சாவூர் பொம்மையின் சூட்சுமம் அடியில்தான் இருக்கிறது. அடிப்பாகம் உருண்டையாக, கனமாக, மேல்பாகம் லேசாக. எந்தப் பக்கம் தள்ளினாலும் கனம் கீழே இழுத்து நிமிர்த்திவிடும். முட்டையின் கூர்முனையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், வெறும் முட்டை ஓட்டைச் சோப்பு போட்டுக் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள். அப்புறம் ஈரக் களிமண்ணை அந்த ஓட்டைக்குள் போகிற அளவுக்குச் சின்னதாக உருட்டி உருட்டி உள்ளே போட்டு, கரண்டிக் காம்பால் அடியில் மெத்தென்று அமுக்க வேண்டும், உருட்டுவது பாப்பா, அமுக்குவது நீங்கள். கால் பங்கு போதும், அதற்கு மேல் போட்டால் பொம்மை மந்தமாகிவிடும். ஒரு பக்கம் மண் ஏறியிருந்தால் சாய்ந்தே நிற்கும், எங்களுடைய முதல் பொம்மை அப்படித்தான் நின்றது, சின்னவள் அதற்கு "தூங்குற தாத்தா" என்று பேர் வைத்து அதையே கேட்டாள். இரண்டு நாள் நிழலில் காய்ந்ததும் ஓட்டையை மறைக்கக் காகிதக் குல்லா ஒட்டி, கண், மூக்கு வரையலாம். முட்டை வாங்காத வீடு என்றால் உடைந்த பிளாஸ்டிக் பந்தின் பாதியில் இதையே செய்யலாம்.

இன்னொன்று கொட்டாங்குச்சி வயல். விதைநெல் ஒரு பிடி கிடைத்தால் ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஒரு நாள் ஈரச் சாக்கில் மூட்டமாக வையுங்கள், வெள்ளையாக முளை குத்தும். கொட்டாங்குச்சியில் சேறு குழைத்து அவளே தூவட்டும், அவளே காலையும் மாலையும் தெளிக்கட்டும். ஒரு வாரத்தில் பச்சைப் பசேலென்று விரல் உயரம் நிற்கும், அதைப் பிடுங்கி வேறு கொட்டாங்குச்சியில் நடுவதுதான் உச்சகட்டம். எங்கள் வீட்டில் அவள் அப்பா நடவுக்கு ஆள் விடுகிற அதே பேச்சை அப்படியே பேசிக்கொண்டு நட்டாள், "சீக்கிரம் வாங்கக்கா, வெயில் ஏறிடும்" என்று.

பூவரசு இலை பீப்பீ, தென்னை ஓலைப் பாம்பு, ஓலைக் கடிகாரம், இதெல்லாம் உங்களுக்கே தெரியும், இரண்டு நாளைக்கு ஒன்று செய்து கொடுங்கள். சுருட்டுவதும் மடிப்பதும் அந்த வயதுக்கு வராது, ஊதுவதும் இழுப்பதும் வரும். வெண்டைக்காய்க் காம்புப் பக்கத்தை வெட்டிச் சாயத்தில் தொட்டால் பூ, வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி அச்சு. சாயத்துக்கு மஞ்சள் கரைசல் போதும், அதிலேயே ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் சிவக்கும், அவளையே போட விடுங்கள்.

உட்கார்ந்தே இருந்தாலும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, மூன்று நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே விட முடியாதபோது கூடத்தில் சாக்பீஸால் ஒரு அடி இடைவெளியில் இரண்டு கோடு போட்டு விடுவேன், அதுதான் வரப்பு. தலையில் ஒரு துண்டை மடித்து வைத்தால் அதுதான் நாற்றுமுடி, அது விழாமல் வரப்பிலேயே நடந்து அடுப்படி வரை போய்த் திரும்ப வேண்டும், கோட்டைத் தாண்டினால் சேறு. பெரியவனும் சேர்ந்துகொள்வான், வளைவு நெளிவாக அவனே கோடு போடுவான்.

போன் விஷயம். பிடுங்காதீர்கள், அவள் கேட்பதற்கு முன்பே முந்திக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போதே பேசினோ தாம்பாளமோ தயாராக இருக்க வேண்டும், போன் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். முதல் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் செய்யுங்கள், அவள் கை ஓட ஆரம்பித்ததும் பேச்சைக் குறைத்து, கண்ணில் படுகிற தூரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள். நடுவில் போய் "சூப்பர், சூப்பர்" என்று சொன்னால் கவனம் கலைந்துவிடும். முதல் ஒரு வாரம் அழத்தான் செய்வாள். எங்கள் வீட்டில் பதினோரு நாள் ஆயிற்று, பன்னிரண்டாம் நாள் "கீரை இல்லையாம்மா" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரே விளையாட்டை ஒரு வாரம் கேட்டாலும் கொடுங்கள், சலிப்பு நமக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது.

ஆடிப் பதினெட்டுக்குச் சப்பரம், அதாவது பிள்ளைகள் இழுக்கிற குட்டித் தேர், செய்ய இப்போதே ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வையுங்கள். தண்ணீர் பாட்டில் மூடி நான்கு, நடுவில் நீங்கள் ஆணியைச் சூடு பண்ணி ஓட்டை போட வேண்டும், அச்சுக்குத் தென்னை ஈர்க்குச்சி, மேலே இரண்டு மூங்கில் குச்சியை வளைத்துக் கட்டி வண்ணக் காகிதம். கிழிப்பதும் ஒட்டுவதும் பாப்பா வேலை, கோணலாக ஒட்டியதைத் திருத்தாதீர்கள். ஆற்றங்கரைக்கு இழுத்துப் போகும்போது கயிறு அவள் கையில் இருக்கட்டும், இன்னொரு கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் சப்பரத்துக்கு ஒரு சக்கரம் போய்விட்டது, புரட்டாசி வரைக்கும் அதில் தூங்குற தாத்தாவை உட்கார வைத்துக் கூடத்தில் இழுத்துக்கொண்டிருந்தாள்.