முலாயித் மலையின் பூங்குருவி: கேள்வி பதில்

கேள்வி (மௌல்மீன்): ஐயா, நம் ஊருக்குக் கிழக்கே உள்ள முலாயித் மலையிலிருந்து ஒரு பூங்குருவி உலகுக்கு அறிமுகமானது என்கிறார்களே, அது எது?

பதில்: சாம்பல்விலாப் பூங்குருவி. இத்தாலியரான லியோனார்தோ ஃபேயா 1885இல் பர்மாவுக்கு வந்து, நான்கு ஆண்டுகள் காடு மலையெல்லாம் அலைந்து உயிரினங்களைச் சேகரித்தார். முலாயித்தில் அவருக்குக் கிடைத்த பறவையைப் புதிய இனம் என்று இத்தாலியப் பறவையியலாளர் சால்வதோரி 1887இல் விவரித்து, ஃபேயாவின் பெயரையே சூட்டினார்; இன்றைய அறிவியல் பெயர் டர்டஸ் ஃபேயே. டாவ்னா மலைத்தொடரில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை அது. ஃபேயா பெயரில் ஒரு கேளையாடும் (குரைக்கும் மான்) உண்டு. அதுவும் அந்த வட்டாரத்தில் கிடைத்ததுதான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

கேள்வி (தட்டோன்): அப்படியானால் அது இங்கேயே கூடு கட்டுகிறதா?

பதில்: இல்லை. சீனாவில் ஹெபெய், பெய்ஜிங் பக்கத்து மலைக்காடுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தை பர்மா, தாய்லாந்து, லாவோஸ், வடகிழக்கு இந்திய மலைகளில் கழிக்கிறது. ஆகவே அங்கே காடு அழிந்தாலும், இங்கே அழிந்தாலும் அடி விழுவது இதே பறவைக்குத்தான்.

கேள்வி (யாங்கோன்): அண்ணா, இதையும் வெண்புருவப் பூங்குருவியையும் என்னால் பிரித்தறியவே முடியவில்லை. இரண்டுக்கும் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இருக்கிறதே?

பதில்: புருவத்தை விடுங்கள், தங்கையே, விலாவைப் பாருங்கள். வெண்புருவத்தின் விலா ஆரஞ்சு நிறம். ஆணுக்குத் தலையும் தொண்டையும் சாம்பல். ஃபேயாவின் பறவைக்கோ தலை முதுகைப் போலவே பழுப்பு; சாம்பல் நிறம் மார்பிலும் விலாவிலும் படர்ந்திருக்கும். பெண் பறவையின் மார்பில் லேசான செம்மை ஏமாற்றலாம், அப்போதும் விலாவே சாட்சி. குளிர்காலத்தில் இரண்டும் ஒரே கூட்டமாகப் பழுத்த மரத்துக்கு வரும். அதனால் கூட்டத்தைக் கண்டதும் "எல்லாம் வெண்புருவம்" என்று முடிவு கட்டிவிடாமல், ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல அவதானிப்புகள் பலவும் நழுவுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி (பெகு): வீட்டில் கூண்டில் வளர்க்கலாமா? நன்றாகப் பாடுமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே அருகிவரும் பறவை. பாட்டு இனப்பெருக்கக் காலத்துக்கு உரியது. இங்கே பெரும்பாலும் மெல்லிய கூர்மையான ஒற்றைக் குரல்தான் கேட்கும்.

கேள்வி (மௌல்மீன்): மலையோடைப் பாறைகளில் மனிதர் சீழ்க்கை அடிப்பதுபோல் கூவும் கருநீலப் பறவையும் பூங்குருவிதானா?

பதில்: நீலச் சீழ்க்கைப் பூங்குருவியைச் சொல்கிறீர்கள். பெயரில் மட்டும்தான் பூங்குருவி. இப்போது அதை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி (தட்டோன்): முலாயித்துக்குப் போகலாமா, ஐயா?

பதில்: சண்டை ஓயாத பகுதி, இப்போது போகவே போகாதீர்கள். நிலைமை சீரானபின், குளிர்காலத்தில், 1,500 மீட்டருக்கு மேலே பசுமை மாறாக் காட்டில் பழுத்த மரம் ஒன்றைத் தேடி, விடியலிலேயே போய் அசையாமல் உட்காருங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள்.