மூச்சு பத்தாதவர் பிரீத் அனலைசரில் ஊதினால்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கிறது. குடிப்பழக்கமே கிடையாது. வாகனச் சோதனையில் மூன்று முறை ஊதியும் மிஷினில் எண் வரவில்லை. "ஏமாத்துறீங்களா?" என்று கேட்டார்களாம்.

பதில்: முதலில் வரும் காற்றைக் கருவி கணக்கில் எடுக்காது. சுமார் ஒரு லிட்டரோ சற்றுக் கூடவோ இடைவிடாமல் வந்த பிறகுதான் மாதிரி எடுக்கும். நடுவில் வேகம் குறைந்தால் ரத்துதான். சிஓபிடியில் உள்ளே காற்று இருக்கும், வெளியே வரும் வழிதான் குறுகியிருக்கும். முக்கி ஊதினால் சிறு குழாய்கள் இன்னும் அமுங்கிவிடும். அதனால் பலத்தைக் காட்டி ஊதுபவருக்குத்தான் சீக்கிரம் நின்றுபோகும். நன்றாக மூச்சிழுத்து, குழலை உதட்டால் இறுக மூடி, காபியை ஊதி ஆற்றுகிற மாதிரி மெதுவாக, ஒரே சீராக ஐந்தாறு நொடி ஊதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு கேட்கட்டும்.

கேள்வி: அப்படியும் வராவிட்டால் சார்?

பதில்: நோயை ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்காகத்தான் படும். "ரத்தப் பரிசோதனைக்குத் தயார்" என்பதையும் கூடவே சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 203-வது பிரிவின்படி, ஊத முடியாமல் போய், குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணமும் இருந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். அதன்பின் 204-ன்படி மருத்துவர் மூலம் ரத்த மாதிரி கேட்கலாம். ஊதவோ ரத்தம் கொடுக்கவோ தக்க காரணமின்றி மறுத்தால்தான் 205-ன்படி அது உங்களுக்கு எதிராக நிற்கும். அந்தத் "தக்க காரணத்துக்கு" ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறனை அளக்கும் சோதனை) அறிக்கையின் நகல் ஒன்று ஆர்சி புக்கோடு இருக்கட்டும்.

கேள்வி: அரைகுறையாக ஊதினால் அளவு கூடிக் காட்டுமா?

பதில்: இல்லை, குறைத்தே காட்டும். மூச்சின் கடைசிப் பகுதியில்தான் ஆல்கஹால் அதிகம்.

கேள்வி: இன்ஹேலர் அடித்த கையோடு ஊதலாமா?

பதில்: கூடாது. சில ஸ்ப்ரேக்களில் மருந்தைக் கரைக்க எத்தனால், அதாவது ஆல்கஹால், சேர்ப்பார்கள், எண் எகிறலாம். ரோட்டாகேப் பொடியில் இந்தத் தொல்லை இல்லை. வாயில் தங்கிய ஆல்கஹால் 15 நிமிடத்தில் போய்விடும், அதற்குள் மூச்சுக்குழாயும் விரிந்திருக்கும். ஆகவே காத்திருந்து ஊதுவது இரட்டை லாபம்.

கேள்வி: வீசிங்குக்குக் கனகாசவம் என்ற ஆயுர்வேத மருந்து 20 மில்லி குடிக்கிறேன். மாட்டிக்கொள்வேனா?

பதில்: பத்து சதவீத ஆல்கஹால் என்றே வைத்தாலும் 1.6 கிராம்தான். 60 கிலோ ஆளுக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 4 மில்லிகிராம், வரம்பு 30. குடித்தவுடன் ஊதினால் மட்டும் சிக்கல், வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் விடுங்கள். அதில் ஊமத்தை சேர்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அளவு மீறினால் பார்வை மங்கும், அதை எந்த மிஷினும் காட்டாது.