ஆய்வு மருந்து: கையெழுத்துக்கு முன்

கேள்வி: வாப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) இரண்டும் முடிந்து திரும்பவும் வந்துவிட்டது. ஆய்வில் சேர்க்கலாம் என்று சென்னை டாக்டர் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருக்கிறார். எலி மாதிரி வைத்துப் பார்ப்பார்களோ, மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களோ என்று உம்மா அழுகிறார்.
— வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் எத்தனையாவது கட்ட ஆய்வு என்று கேளுங்கள். முதல் கட்டம் என்றால், எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்க்கிறார்கள். உம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு. மூன்றாம் கட்டம் என்றால், இப்போதுள்ள சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும், டாக்டர் அல்ல.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்று முற்றியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றைச் சொல்கிறோம். நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த ஊசியை 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. போட்டார்கள். வழக்கமான அளவு 2 வாரத்துக்கு 240 மி.கி. ஊசி போடாத பிரிவினரையும் சும்மா விடவில்லை. இரு பிரிவுக்கும் ஒரே மாத்திரை சிகிச்சை நடந்தது. ஒரு பிரிவுக்கு மட்டும் அதோடு ஊசி. ஓராண்டு தாண்டி உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 16 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43 சதவீதம். புற்றுநோய் ஆய்வில் வெற்று மருந்து இருந்தாலும், பெரும்பாலும் இப்படி வழக்கமான சிகிச்சைக்கு மேல்தான் வரும். உங்கள் காகிதத்தில் 'ஒப்பீட்டுப் பிரிவு' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

அதே காகிதத்தில் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண், நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண், எந்த ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது என்ற விவரம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலிருந்து ஏதாவது கழிப்பார்களா என்று வாய்விட்டே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும், நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடும் 2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளின்படி உண்டு. வாப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். கையெழுத்தான நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது.

கேள்வி: அம்மாவை ஆய்வுக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டு, ரத்தம் சரியில்லை என்று பாம்பனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி வாய்ப்பே இல்லையா?
— வாசகர், பாம்பன்

பதில்: எந்த எண் தவறியது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல ஆய்வுகளில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 1 லட்சம், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 1,500 இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கீமோ போட்ட 10 முதல் 14 நாளில் இவை அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த வாரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தால் தவறியதில் ஆச்சரியமில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியதா? சித்திரை வெயிலில், வழியில் சிறுநீர் கழிக்க இடமிருக்காது என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பஸ் ஏறுவது நம் பக்கம் சகஜம். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக்கும் அந்த எண்ணை ஏற்றும். இரண்டையும் சரிசெய்து, மறுபரிசோதனைக்கு அனுமதி உண்டா என்று ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். சாப்பிடும் நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று: பயாப்சி எடுத்த லேபில் ஸ்லைடு மட்டுமல்ல, எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வையுங்கள். அது இல்லாமலும் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் மெழுகு இளகிவிடும்.

கேள்வி: அண்ணனுக்குப் புற்றுநோய் மருந்து ஆய்வுக்காக 3 வாரத்துக்கு ஒருமுறை சென்னை. கடலுக்குப் போகிற குடும்பம், கட்டுப்படியாகவில்லை. ராமநாதபுரத்திலேயே இந்த ஆய்வை நடத்தக் கூடாதா?
— வாசகர், தொண்டி

பதில்: ரயில் செலவு முதலில். மருத்துவமனை தரும் புற்றுநோய்ச் சான்றிதழ் படிவத்தோடு முன்பதிவு செய்தால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆய்விலிருந்தே பயணப்படி உண்டா என்றும் கேளுங்கள்.

பெரிய ஊரில்தான் ஆய்வு நடக்கும் என்பதில்லை. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள சமூக மருத்துவமனை ஒன்றை மையமாக வைத்து, செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாய்ப் புற்றைக் கண்டுபிடிக்கும் ஆய்வு நடந்தது. 2007இல் முடிவு வெளியானபோது, சோதனை செய்த கிராமங்களில் அந்தப் புற்றால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் புதிய மருந்து ஆய்வு வேறு சங்கதி. பல மருந்துகளை 2 முதல் 8 டிகிரியில் வைத்து அன்றாடம் குறித்துவர வேண்டும். கடுமையான பின்விளைவு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆய்வு நடக்கும் இடத்துக்குச் சொந்த நெறிமுறைக் குழு இல்லையென்றால், அதே ஊரிலோ 50 கி.மீ.க்குள்ளோ உள்ள குழுவைத்தான் நாடலாம். மதுரைக் குழு நமக்கு உதவாது.

இப்போதைக்கு இடைப்பட்ட ரத்தப் பரிசோதனையை மட்டும் ராமநாதபுரத்தில் செய்து அனுப்பலாமா என்று கேளுங்கள்; சில ஆய்வுகள் ஒப்புக்கொள்ளும். ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தரும் அட்டையை அண்ணன் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், அந்த அட்டையோடு பக்கத்து மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்தே அட்டையிலுள்ள எண்ணுக்கு டாக்டரைப் பேசச் சொல்லுங்கள்.